அந்த லாம்பைக் கொளுத்தாதே

ஏறாவூர்
1936 ஆடி

பர்மாவில எண்ணெய்க் கிணத்து வேலையில இருக்கிற மகன் முகைதீன்பாவாவுக்கு வாப்பா அசனார் எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவலில நானும் உம்மாவும் நடமாடித் திரியிறம், உன்னையும் அவன் அப்பிடியே வச்சிருக்கோணும் எண்டு தொழுகைக்குத் தொழுகை கையேந்துறன். வேற எதையும் வாசிக்க முந்தி இதை வாசி மகன். அங்க வேலைக்குக் கப்பலேறின பக்கீர்ட கையில நான் குடுத்துவிட்ட அரிக்கன் லாம்பை அந்தக் கிணத்துப் பக்கம் கொண்டுபோகாதே. கொளுத்தவே கொளுத்தாதே. மறுகா மற்றதை வாசி.

நீ பங்குனியில எழுதினாய், அடி மண்ணில எண்ணெய் வத்திப்போச்சு, அந்த நாளையில அவசரமாத் துளைச்சுக்கொண்டு போகக்குள்ள இடையில விட்டுட்டுப் போன இன்னொரு மண்படையில எண்ணெய் இன்னும் நிக்குது, அதை எடுக்க மூடிக் கிடக்கிற பழைய கிணறுகளைத் திறக்கிறாங்க, ஒரு கிணத்தால காஸை அமுக்கி அடிச்சா அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மற்றக் கிணத்துக்கு வரும், கிணத்து வாயடியில உள்ள குழிக்குள்ள இறங்கி மூடியைக் கழட்டுறது உன்ட வேலை எண்டு. மூடிக் கிடந்த கிணறு எண்டதும் எனக்கு என்ட தம்பிட நினைப்புத்தான் வந்தது. வவுணதீவில பாழ்கிணறு இறைக்கப் போன இடத்தில உன்ட சாச்சா இறங்கின கையோட மூச்சு முட்டி மவுத்தானதை நீயும் கண்டவன்தானே. அதுக்குப் பிறகு கயித்தில லாம்பைக் கட்டி இறக்கிப் பாராம நான் எந்தக் கிணத்திலயும் கால் வச்சதில்ல. லாம்பு அணைஞ்சா கெட்ட காத்து, எரிஞ்சா இறங்கலாம், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அந்தப் புத்தியிலதான் லாம்பையும் கயித்தையும் குடுத்து, இறக்கிப் பாராம இறங்கினா நீ என்ட மகன் இல்ல எண்டு எழுதியும் விட்டன்.

அங்க உன்னோட வேலை செய்த பதியுதீன் தன்ட தங்கச்சிட கலியாணத்துக்கு ஊருக்கு வந்திருக்கான். அவனிட்டப் பெருமையா இந்தக் கதையைச் சொன்னன். குடிச்ச தேத்தண்ணியைக் கீழ வச்சிட்டான். மாமா, அது தண்ணிக் கிணறு இல்ல, அந்தக் குழிக்குள்ள நிக்கிற காஸுக்கு ஒரு பொறி பட்டாலே காணும், வெடிச்சிரும், லாம்பு இறக்கினா அணையாது, ஆளே மிஞ்சாது எண்டான். யா அல்லாஹ், என்ன வேலை பார்த்திட்டன்!

ஸ்டேசனுக்கு ஓடி அடுத்த கோச்சியில மட்டக்களப்புக்குப் போய், லாம்பைக் கொளுத்தாதே எண்டு தந்திக் கந்தோரில உனக்குத் தந்தி குடுத்தன். கிளாக்கர் இங்கிலீசில எழுதி வாசிச்சுக் காட்டினார், எனக்கு என்ன விளங்கும், ஓம் ஓம் எண்டு தலையை ஆட்டிட்டு வந்தன். மறுமொழி இன்னும் வரல. வராததுக்கு என்ன கருத்து எண்டு யாரிட்டக் கேட்பன்? தபால்காரன்ட சைக்கிள் மணி கேட்டாப் பின்வளவுக்குள்ள போய் நிக்கிறன், அவ்வளவு பயம். உம்மாவுக்கு ஒண்டும் சொல்லல. உன்ட பெண்சாதி றஸீனா நேத்து சோத்துக்கு மீனாணம் ஆக்கிக் கொண்டுவந்து தந்தாள், அவருக்கு மாமாட லாம்பு போயிருக்கு, இனி நான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன் எண்டாள். சோத்துக் கோப்பையைத் தள்ளி வச்சன். அவட முகத்தைப் பார்க்க ஏலாம வட்டைக்குப் போயிட்டு வாறன் எண்டு எழும்பிட்டன். வட்டையில இப்ப என்ன வேலை, நெல்லு வெட்டு முடிஞ்சு மாடுதான் மேயுது.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, வேலையில பெரியவன் சொல்றான் எண்டு எல்லாத்துக்கும் முன்னால போய் நிக்காதே. மறுமொழியில வேற ஒண்டும் வேணாம், லாம்பு கொளுத்தல எண்டு உன்ட கையால ஒரு வரி எழுதிப் போடு, அதையும் இண்டைக்கே போடு. அல்லாஹ் உன்னைத் தீயிலயும் தண்ணியிலயும் காப்பாத்துவானாக. சின்னனில ஒரு சொல்லுக் கேட்கமாட்டாய், நான்தான் பிரம்பெடுத்து அடிச்சு உன்னைச் சொல்வழி கேட்கிற புள்ளையா ஆக்கினன். இப்ப தொழுத முசல்லாப் பாயில குந்தி அழுது கேட்கிறது ஒண்டுதான் மகன், நீ இந்த ஒரு தரம் வாப்பாட சொல்லைக் கேளாம விட்டிருக்கோணும்.

உன்ட வாப்பா
அசனார்