மண்டை ஓட்டுக்கு மஞ்சள் தண்ணீர்

கிள்ளான் பேரங்காடி ஒன்றில் நேற்று ஹாலோவீன் விற்பனை. வாசலிலேயே பிளாஸ்டிக் மண்டை ஓடுகளைக் கோத்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். நம் பாலர் பள்ளித் தலைவர் தன் பேரனுக்கு மண்டை ஓட்டு முகமூடியை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? நீயோ வந்த நோயோடு அவசரமாகக் கிளம்பிவிட்டாய்.

அந்த வெள்ளிக்கிழமை நீ வகுப்புக்கு மண்டை ஓட்டு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தபோது, பக்கத்து வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த நான் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க வந்தேன். வேடிக்கை பார்ப்பதில் நான் என்றைக்குக் குறை வைத்தேன்? ஐந்து வயதுப் பிள்ளைகள் தங்கள் தலையைத் தாங்களே தடவிக்கொண்டிருந்தார்கள். கண் இருக்கும் பள்ளம் பத்துமலைக் குகையாம். முருகன் மாதிரி கண் உள்ளே பத்திரமாக இருக்கிறதாம். மேலே இருப்பது ஒரே எலும்பு இல்லை, பல எலும்புகள் பல்லோடு பல் கோத்த கூரை, அதற்குள்தான் மூளை என்றாய். கீழ்த்தாடை மட்டும்தான் அசையும் என்று சொல்லிவிட்டு என்னைக் காட்டினாய்: "இந்த டீச்சரோடதைப் பாருங்க, ஓயவே ஓயாது." பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

"கூரை ஒடைஞ்சா மூளையை டாக்டரால புதுசா வாங்கிப் போட முடியாது. மோட்டார்ல ஏறுறப்ப அப்பாகிட்ட ஹெல்மட் கேளுங்க" என்று முடித்தாய். அதைச் சொல்லத்தானே அத்தனை பாடமும்.

திங்கட்கிழமை காலை, காப்பாரிலிருந்து வரும் ஒரு சிறுமி, ஹெல்மட் இல்லாமல் ஏறவே மாட்டேன் என்று ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவர் பள்ளிக்கு வந்து கத்தியது அதற்காகத்தான். தலைவரோ பழியை மண்டை ஓட்டின் மேல் போட்டு அதை அபசகுனமாக்கிவிட்டார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பிள்ளைங்க முன்னாடி மண்டை ஓடா, டீச்சர்?" பூசாரி வந்து வகுப்பு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். உன்னை வகுப்பிலிருந்து எடுத்து அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். அந்த அப்பா ஹெல்மட் வாங்கவில்லை. பிள்ளையை வேறு பாலர் பள்ளிக்கு மாற்றினார்.

உன் சாவு வீட்டில் தலைவர்தான் நீளமாகப் பேசினார். பிள்ளைகளுக்கு அறிவியலை ஊட்டி வளர்த்தவளாம் நீ. மஞ்சள் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்க நாக்கு துடித்தது. உன் அம்மா அழுதுகொண்டிருந்தார், விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் சிவப்பு விளக்கில் என் காருக்குப் பக்கத்தில் மோட்டார் வந்து நிற்கிறது. முன்னால் வெறுந்தலையோடு நிற்கும் பிள்ளை எனக்குக் கையாட்டுகிறது. முன்பு நானும் கையாட்டிவிட்டுப் போவேன். இப்போது அந்த முடிக்குக் கீழே எலும்பும் எலும்பும் கோத்திருக்கும் இடங்கள்தான் தெரிகின்றன. கண்ணாடியை இறக்கிச் சொன்னால், "ஆன்டி, உங்க வேலையைப் பாருங்க லா" என்கிறார்கள். பச்சை விழுந்ததும் பறந்துவிடுகிறார்கள்.

போனதுதான் போனாய், எனக்குக் கொடுத்த இந்தப் பார்வையையாவது திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.