மேற்குப் பக்கத்து அறை

சித்திரை 9, செவ்வாய்

ஒரகடத்தில் எங்கள் புது ஓட்டலுக்குப் பிளான் போட்ட இன்ஜினியர், காலையில் நாலு பேரைக் கூட்டிவந்து சுற்றிக் காட்டினார். பசுமைக் கட்டடமாம். நாங்கள் துணி துவைத்துத் தேய்க்கும் அறையை மேற்கே வைத்ததால், வெயிலை அது வாங்கிக்கொள்ளுமாம். தங்குகிறவர்கள் அறைக்கு ஏசி கொஞ்சம் போதுமாம்.

“அப்ப இன்னா சார், அவங்களுக்கு நாங்கதான் குடையா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான்.

இஸ்திரி போடும் செல்வி சிரிக்கவில்லை. அவளுக்கு ஐந்தாம் மாதம். மதியம் மயங்கி என்மேல் சாய்ந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

“சூப்பர்வைசராண்ட சொல்லிடாதக்கா, வேலய வுட்டே தூக்கிடுவாங்க,” என்றாள். சொல்லவில்லை.

காலையில் அந்த இன்ஜினியர் கையெட்டும் தூரத்தில் நின்றார். ஒரு ஜன்னல் வையுங்கள் என்று கேட்டிருக்கலாம். எனக்குச் சிரிக்கவைக்கத்தான் வாய் வந்தது. நாளைக்கும் அவளுக்குப் பகல் ஷிப்ட்தான்.