இரண்டு பூட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுவதாக அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். தேசிய சைக்கிள் அணிக்கு எங்கள் முகாமிலிருந்து ஒருத்தியைத்தான் எடுப்பார்களாம். ஒன்று நான், இல்லையென்றால் என் அறைத்தோழி. இத்தனை வருஷம் டிராக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது இதற்காகத்தானே! அந்தப் பேச்சு வந்ததிலிருந்து தினமும் காலையில் என் டயரில் காற்று குறைந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் கேட்டேன். "ரேஸ் டயர் மெல்லிசும்மா, ராத்திரியில தானா எறங்கும்" என்றார். அவரும் அவள் பக்கமோ என்னவோ.

நேற்று சக்கரங்களைக் கழற்றி அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். என் கட்டிலுக்கடியில் தள்ளக் குனிந்தால், எதிரே அவள் கட்டிலுக்கடியிலும் இரண்டு சக்கரங்கள்! "உனக்குமாடி எறங்குது?" என்று சிரித்தாள். என்னைப் போய்ச் சந்தேகப்பட்டிருக்கிறாள், பாருங்கள்.

சங்கிலியோடு ஒரு பூட்டு அனுப்புங்கள். இங்கே விற்பதை நம்ப முடியாது. நீங்கள் இழுத்துப் பார்த்து வாங்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும். பாவம், அவளும் ஒன்று கேட்கிறாள். இரண்டாக அனுப்புங்கள்.

பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்

பி.கு.: அவள் பூட்டின் சாவி ஒன்றை மட்டும் கழற்றி, எனக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள்.