பாதி சொன்னால் போதும்

ஜூன் 12, 2025

இன்றைக்கும் வந்தது. கெமிஸ்ட்ரி வகுப்பில். மிஸ் புத்தகத்தைத் திறக்கச் சொன்னது தெரியும். அடுத்து பார்த்தால் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், போர்டு நிறைந்திருக்கிறது. நடுவில் கொஞ்ச நேரம் நான் இல்லை. தூங்கவில்லை. கண் திறந்தேதான் இருந்ததாம்.

"ஏன்டி மானசா, கூப்பிடக் கூப்பிட செவுத்தையே பாக்கறே? யாருடி அவன்?" என்று பக்கத்து சீட் ஹர்ஷிணி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால்கூட போனை அணைத்துவிடுகிறேன்.

ஜூன் 15

அம்மாவிடம் சொல்லப் பார்த்தேன்.

"அம்மா, எனக்கு அப்பப்ப..."

"தலைவலி. ராத்திரியெல்லாம் போனை நோண்டினா வராம என்ன பண்ணும்? நேரத்துல படு கண்ணு."

முடிந்தது.

யார் பேச ஆரம்பித்தாலும் மீதியை அம்மாவே சொல்லிவிடுவார். காய்க்காரர், அப்பா, நான், யாராக இருந்தாலும். பம்பு கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர், அங்கே அந்த வேகம் வேண்டுமாம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஒரு விதத்தில் தப்பித்தேன். கொடுமுடியில் அம்மாவின் சித்தி பேத்தி ஒரு அக்கா இருக்கிறார். அவர் பேச்சு வந்தாலே எல்லாரும் குரலைத் தாழ்த்துவார்கள். வலிப்பு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். கல்யாணங்களுக்குக்கூடக் கூட்டி வருவதில்லை.

எனக்கும் அதுதானா?

ஜூன் 21

அம்மாவை முழு ஃபேக்டரிக்கும் பொறுப்பான பிளான்ட் ஹெட் ஆக்குவதற்கு முன்னால், ஆட்களை நடத்தக் கற்றுத் தரும் ஒரு கோச்சிடம் பேசியாக வேண்டும் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். இனி சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பில். பெங்களூரிலிருந்து நஸ்ரியா மேடம் என்று ஒருத்தர்.

அம்மா மஸ்கட்டில் இருக்கும் அப்பாவிடம் போனில் பொரிந்தார். "எனக்கு எதுக்குங்க கோச்சு? நான் என்ன கபடி டீமா?"

ஜூன் 28

ஹாலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா லேப்டாப்பில் பேசிய அறையின் கதவு சாத்தவில்லை. அம்மாவைப் பற்றி அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். "பிந்து மேடம்கிட்ட பாதி சொன்னாப் போதும், மீதியை அவங்களே சொல்லிருவாங்க"ன்னு எல்லாரும் சொன்னார்களாம். அம்மாவுக்கு ஒரே பெருமை.

அந்த மேடம் மெதுவாகக் கேட்டார். "அது பாராட்டுன்னு நினைக்கறீங்களா? அவங்க சொல்லாம விட்ட மீதி எங்க போச்சு?"

அம்மா அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மேடம் ஒரு பயிற்சி கொடுத்தார். இனி யார் பேசினாலும் அவர்களாக நிறுத்தும்வரை அம்மா வாய் திறக்கக் கூடாதாம். வீட்டிலும்.

ஜூலை 1

பயமா இருக்கு. அம்மா பேசவே மாட்டேங்கறாங்க.

"அம்மா, நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்க்கிறார். எனக்கு வாக்கியம் மறந்துவிட்டது. இத்தனை வருடமாக ஆரம்பித்து மட்டும்தானே பழக்கம்.

"ஒண்ணுமில்லம்மா."

தெரிந்துவிட்டதோ? மிஸ் போன் செய்திருப்பாரோ? அந்த கோச் சொன்னதால்தான் என்று தெரிகிறது. ஆனாலும் அந்தப் பார்வை... திட்டினால்கூடத் தேவலை.

ஜூலை 4

தடாகம் ரோட்டில். சைக்கிளில் வரும்போது வந்தது.

பஸ் ஹாரன் கேட்டது. நான் நடு ரோட்டில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏன் அம்மணி, ஊட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். சொல்லணும். சொன்னா சைக்கிள் போச்சு, ஸ்கூல் போச்சு. சொல்லலைன்னா?

ஜூலை 5

அம்மா சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தார். தானாகவே பேசினார்.

"சாமுவேல் இருக்காரில்ல, அசெம்பிளி சூப்பர்வைசர். 'மேடம், அடுத்த மாசத்துல இருந்து'ன்னு இழுத்தாரு. நைட் ஷிப்ட் வேண்டாங்கறாருன்னு நெனச்சு, மாத்திக்கலாம்னு சொல்ல வாயெடுத்துட்டேன். அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். வேலையையே உடறேங்கறாரு கண்ணு."

"ஏம்மா?"

"ரெண்டு வருசமா என்கிட்ட ஒரு பேச்சையும் முழுசாப் பேசி முடிச்சதில்லையாம். இன்னைக்குத்தான் முழுசாக் கேட்டேன். 'இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேனுங்க மேடம்'னு போயிருக்காரு. எப்பவும்போல நானே பேசியிருந்தேன்னா ஆளு போயிருப்பாரு."

இப்போது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லவில்லை.

ஜூலை 7

சொல்லிட்டேன்.

சமையலறையில். "அம்மா, எனக்கு அப்பப்ப..." என்று நிறுத்தினேன். அம்மா காத்திருந்தார். குக்கர் கத்தியது, அதை அணைக்கக்கூடத் திரும்பவில்லை. நான் திக்கித் திக்கி வகுப்பைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன். பஸ் என்றதும் அம்மாவின் கை மேடையைப் பிடித்துக்கொண்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. "கொடுமுடி அக்கா மாதிரி..." என்றேன். அப்போதாவது முடித்துவைப்பார் என்று பார்த்தேன். இல்லை. அந்த வார்த்தையையும் நானே சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கு வலிப்பாம்மா?"

"தெரியல கண்ணு."

அம்மா வாயில் தெரியல என்று வந்து இன்றைக்குத்தான் கேட்கிறேன். அதைச் சொல்லிவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். சாதம் குழைந்து போயிருந்தது. அதையே சாப்பிட்டோம்.

ஜூலை 11

ஆர்.எஸ்.புரத்தில் டாக்டர். தலை முழுக்க ஒயர் ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள்.

எவ்வளவு அடிக்கடி வரும் என்று கேட்டார். "வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு..." என்று அம்மா ஆரம்பித்தார். பழக்கம்.

"இல்லம்மா. தினமும் வருது."

அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

இதுவும் ஒரு வகை வலிப்புதானாம். மாத்திரைக்குப் பெரும்பாலும் கேட்குமாம். படிக்கலாம், விளையாடலாம். சைக்கிள் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

ஜூலை 12

நஸ்ரியா மேடத்திடம் அம்மா இன்று கம்பெனியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். அழும் சத்தம் கேட்டது.

ஜூலை 27

நேற்று ஒருமுறை வந்தது. அதற்கு முன்னால் நாலைந்து நாள் ஒன்றுமே இல்லை.

சாயங்காலம் திருமலைசாமி மாமா அவிநாசியிலிருந்து போன் செய்தார். அம்மாவின் அண்ணன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது. வெளியே மூச்சு விடாதே, பள்ளிக்கூடத்துக்குத் தெரியக் கூடாது, நாளைக்கு ஒரு நல்ல இடம் வந்தால் என்ன சொல்வாய், பேசாமல் வீட்டிலிருந்து பரீட்சை மட்டும் எழுதட்டும்...

அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை ஆட்டுகிற மாதிரிகூட இருந்தது. போச்சு, ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். மாமா பேசிப் பேசிக் களைத்து, "என்னம்மா, லைன்ல இருக்கியா?" என்றார்.

"இருக்கேனுங்க அண்ணா. சொல்லி முடிச்சுட்டீங்களா?"

"ம். முடிச்சுட்டேன்."

"சரிங்க. வியாழக்கிழமையே அவ கிளாஸ் மிஸ்கிட்டப் போயி எல்லாத்தையும் சொல்லிப்போட்டேனுங்க. நாளைக்கும் எப்பவும்போல ஸ்கூலுக்குப் போறா. நான்தான் கொண்டுபோய் உடறேன்."