செலரிக்குக் கவ்வாத்து

ஸ்பிரிங்வெளி, மேல் லயம்
21.10.76

அன்புள்ள காந்திமதியின் அப்பாவுக்கு,

மீனாம்பாள் எழுதுவது. கொழும்பு ஓட்டல் அடுப்படியில் நீங்கள் வெந்து போகாமல் இருக்க முருகன் துணை. மூன்றாம் வகுப்போடு நின்ற கையெழுத்து; சிரிப்பு வந்தால் அங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள்.

முதலில் உங்கள் செல்லப்பிள்ளை செலரிக் கீரையைப் பற்றி. வெள்ளைக்காரத் தொரை ஊருக்குப் போனபோது பங்களாச் சமையற்காரரான உங்களுக்கு மிஞ்சியது அரைப் பைக்கட்டு விதை. அதையும் விதைத்து என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். காந்திமதிகூட கைக்குழந்தையில் இவ்வளவு பாடுபடுத்தவில்லை. ஒருநாள் தண்ணீர் இல்லாவிட்டால் தலையைத் தொங்கப் போட்டுவிடும். இருபது வீட்டுக்கும் தண்ணீர் பிடிக்க ஒரே பீலி. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுப் போய் வரிசையில் நின்றால், கால் என்னுடையதா என்றே தெரியவில்லை. கட்டுன மாப்பிள்ளையைக்கூட இப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டீங்களே அக்கா என்கிறாள் பக்கத்து வீட்டு வள்ளியம்மை. அவரு குளிக்கிற ஆளாடி என்றேன். கோபிக்காதீர்கள்.

போகும் அன்று அத்தையிடம், ஆத்தா, இது முழங்கால் உசரம் வர்றதுக்குள்ள வந்துருவேன் என்றீர்களே. உங்களுக்கு மறந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு மறக்கவில்லை. மழைத் தண்ணீர் ஓடும் கானில் விழுந்து இடுப்பு ஒடிந்ததை எழுதியிருந்தேன், பதில் இல்லை. அன்றிலிருந்து வாசலோரக் கட்டில்தான். அங்கிருந்து பார்த்தால் பாத்தி தெரியும். தினமும் வளந்துச்சா என்று கேட்பார்.

ஆடியிலேயே வளர்ந்துவிட்டது. உங்களைத்தான் காணவில்லை. நான் என்ன செய்ய? அத்தை அசந்த நேரம் பார்த்து, விடியலில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன், தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி கத்தியால் நறுக்கிவிட்டேன். இன்னும் சாண் உசரந்தான் அத்தே என்றேன். ஆவணியில் இன்னொரு தடவை, புரட்டாசியில் இன்னொரு தடவை. வெட்டியதைப் பருப்பில் போட்டால், அம்மா, தொரை வீட்டு வாசம் வருது என்கிறாள் உங்கள் மகள்.

போன வாரம் தோட்டத்து டாக்டரையா வந்து பார்த்தார். இனி மருந்து வேண்டாம், வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, அடியே மீனா, அவனுக்காக இன்னும் எத்தன தடவ கவ்வாத்து வெட்டுவ, பாவம், அது வளரட்டும் வுடு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு கத்தியைத் தொடவில்லை. மழை வேறு நன்றாகப் பெய்கிறது. இன்று காலை பக்கத்தில் நின்று பார்த்தேன்; என் முழங்காலுக்கு நாலு விரல்தான் குறைவு. என்னைக் குட்டச்சி என்பீர்களே, நல்லதாய்ப் போயிற்று. உங்கள் முழங்காலுக்கு இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கும். அதையே கணக்கு என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

காகிதம் கண்டதும் பதுளை ரயிலில் ஏறுங்கள். பதில் எழுதிக்கொண்டு நிற்க வேண்டாம். வந்து உங்கள் காலை வைத்து அளந்து காட்டுங்கள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்,
மீனாம்பாள்