ஆரஞ்சுத் தோலும் ஒன்பது நொடியும்

சிக்னெட், டாஸ்மேனியா
12 அக்டோபர் 1986

அன்புள்ள அப்பா,

உங்கள் செப்டம்பர் கடிதம் கிடைத்தது. நலம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் ரம்பம் வெட்டிய விரலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஆழத்துக் காயம் மூன்று வாரத்தில் ஆறிவிட வேண்டும் என்று நூலகத்து முதலுதவிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆறியதா என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.

இங்கே ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. அம்மாவுக்கு மருந்துக் கடையில் இப்போது சனிக்கிழமையும் வேலை இருக்கிறது.

நம் விடுமுறைப் பயணத்துக்குத் திட்டம் போட்டு முடித்துவிட்டேன். மொத்தம் பதினான்கு நாள். முதலில் புரூனி தீவு, பிறகு தெற்கே ரெசர்ச் விரிகுடா வரை. ஒவ்வொரு இரவுக்கும் நங்கூரம் போட ஓர் இடமும், தெற்குக் காற்று கிளம்பினால் ஓடி ஒளிய இன்னோர் இடமும் வரைபடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். பென்சில் எதற்கு என்றால், நீங்கள் எப்படியும் மாற்றுவீர்கள்.

இனி கொஞ்சம் கஷ்டமான செய்தி. அம்மா எழுதச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது என்று நானே எழுதுகிறேன். போன வருடத்துக்கு முந்தைய வருடம் நீங்கள் ஜனவரி இருபத்தாறில் வந்தீர்கள். போன வருடம் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் வந்தீர்கள். இரண்டு மணி நேரம் டோரதி படகில் போய்வந்தோம், அவ்வளவுதான். இந்த வருடம் டிசம்பர் இருபது, சனிக்கிழமை நண்பகலுக்குள் நீங்கள் வராவிட்டால் அம்மா என்னை அடிலெய்டுக்கு லோயிஸ் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். விடுமுறை முழுவதும் அங்கேதான்.

"உங்கப்பா பொய் சொல்ற ஆளில்ல. சொல்றப்ப அவருக்கு அது நெஜம்தான். ஆனா படகுத்துறையில நீ உக்காந்திருக்கறத மூணாவது வருஷமும் என்னால பாக்க முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

உங்கள் அன்பு மகள்,
மெரின்

பின்குறிப்பு: டோரதியின் எஞ்சினைப் பழுது பார்த்துவிட்டீர்களா?


பண்டபர்க், குவீன்ஸ்லாந்து
20 அக்டோபர் 1986

அன்பு மெரின் கண்ணுக்கு,

விரல் ஆறிவிட்டது. நகம் மட்டும் கோணலாக வளர்கிறது. எஞ்சின் திருந்துகிற ஜன்மம் இல்லை என்று தெரிந்ததால் கழற்றிப் பட்டறையிலேயே விட்டுவிட்டேன். அத்தனை எடை இறங்கியதில் டோரதி நீர்மட்டத்துக்கு மேலே மூன்று விரல் எழும்பி நிற்கிறாள். இனி அவள் வேகத்தைக் கேட்க வேண்டியதில்லை.

உன் அம்மா சொன்னது நியாயம்தான். ஆனால் இந்த முறை கவலை வேண்டாம். இங்கே பட்டறை வேலை நவம்பர் பதினொன்றில் முடிகிறது, பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறேன். இங்கிருந்து சிக்னெட் ஆயிரத்து இருநூறு கடல் மைல். இளங்காற்றிலும் டோரதி மணிக்கு நான்கு மைல் போவாள். பகலும் இரவுமாகப் பன்னிரண்டரை நாள் ஆகும். நான் இருபத்தைந்து நாள் வைத்திருக்கிறேன். டிசம்பர் ஏழாம் தேதி உன் வீட்டுக் கதவைத் தட்டுவேன்.

ஹெங்க்கும் இந்த வருடம் தெற்கே வருகிறான். அவனுடைய படகு ஜூனோவை உனக்கு நினைவிருக்கும். நடுவில் ஒரு உடம்பு, இரு பக்கமும் ஒல்லியாக ஒவ்வொன்று, மூன்றும் ஒட்டுப்பலகை. நேற்று பட்டறையில் எல்லோர் முன்னிலையிலும் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம்.

"ஏண்டா டெஸ், எளங்காத்துல உன் டோரதி முந்திப்போன ஒரே ஜீவன் எது தெரியுமா? அவ அடியில ஒட்டியிருக்கற சிப்பி. அதுவும் அவகூடவே வருது, அதனால சமம்" என்றான்.

"உன்னுது படகே இல்லடா, டீ கொண்டுபோற தட்டு" என்றேன். "ஒரு அலை வந்தா கப்பெல்லாம் கவுந்துரும்."

"தட்டுதான். ஆனா டீ ஆறுறதுக்குள்ள போய்ச் சேரும்."

பட்டறையே சிரித்தது. சிரிக்கட்டும்.

அன்புடன்,
அப்பா


சிக்னெட்
2 நவம்பர் 1986

அன்புள்ள அப்பா,

டோரதியின் எடை குறைந்ததில் மகிழ்ச்சி. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தவறாக நினைக்கக் கூடாது.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் நான் வைத்திருக்கிறேன். போன வருடம் மூலுலாபாவில் ஞாயிறு காலை நங்கூரம் எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். காஃப்ஸ் துறைமுகத்துக்கு வியாழன் மாலை வந்திருக்கிறீர்கள். தூரம் இருநூற்று இருபது மைல், நேரம் நூற்றெட்டு மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு இரண்டு மைல்தான் வருகிறது. அதற்கு முந்தைய வருடமும் ஏறக்குறைய அதேதான். நான்கு என்பது ஒரு நாளும் வரவில்லை.

இரண்டு மைல் என்றால் இருபத்தைந்து நாளும் பயணத்துக்கே போய்விடும். மோசமான வானிலைக்குக் காத்திருக்க நாளே மிஞ்சாது. ஒரு வாரம் முன்னதாகக் கிளம்ப முடியுமா? பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

நான் டோரதியைக் குறை சொல்லவில்லை. அவளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அன்பு மகள்,
மெரின்


மூலுலாபா
18 நவம்பர் 1986

அன்பு மெரினுக்கு,

உன் கணக்கைப் படித்தேன். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. ஆனால் கடல் காகிதத்தில் இல்லை, கண்ணு. எதிர் நீரோட்டம், சுற்றுவழி என்று எத்தனையோ உண்டு. பட்டறையில் முன்னதாக விடவில்லை. சொன்னபடி பன்னிரண்டாம் தேதிதான் கிளம்பினேன்.

கொஞ்சம் வருத்தம்தான், மறைக்க மாட்டேன். ஹெங்க் சொன்னால் சிரித்துவிட்டுப் போவேன். நீ சொல்லும்போது சிரிக்க வரவில்லை.

வழியில் காற்று அதிகம் இல்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. ஆனாலும் தினமும் நம் பழைய முறையில் அளந்து பார்த்தேன். முன்னால் நின்று ஆரஞ்சுத் தோலைப் போட்டு, அது பின்பக்கத்தைத் தாண்டும் வரை எண்ணினேன். ஐந்து எண்ணுவதற்குள் தாண்டியது. டோரதியின் முப்பது அடி நீளத்துக்கு நாம் வைத்திருக்கும் எண் பதினெட்டு, அதை ஐந்தால் வகுத்தால் மணிக்கு மூன்றரை மைலுக்கு மேல். நான்கு என்றே வைத்துக்கொள்ளலாம். இது கடிதம் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை, கண்ணால் பார்த்த கணக்கு.

அடுத்த கடிதத்தைக் காஃப்ஸ் அஞ்சலகத்துக்கு அனுப்பு. என் பெயர் எழுதி, வந்து வாங்கிக்கொள்வார் என்று குறித்தால் வைத்திருப்பார்கள்.

அப்பா


சிக்னெட்
24 நவம்பர் 1986

அன்புள்ள அப்பா,

உங்களை வருத்தப்படுத்தியதற்கு மன்னியுங்கள். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

போன பிப்ரவரியில் அந்த இரண்டு மணி நேரம் போனோமே, அப்போது நீங்கள் எனக்காக ஆரஞ்சுத் தோல் போட்டுக் காட்டினீர்கள். நீங்கள் பிறந்தநாளுக்கு அனுப்பிய கைக்கடிகாரம் அன்றுதான் முதல் முறையாக உங்கள் முன்னால் என் கையில் இருந்தது. அதில் நொடிமுள் உண்டு. விளையாட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் "அஞ்சு" என்று சொன்னபோது முள் ஒன்பது நொடி நகர்ந்திருந்தது.

நீங்கள் ஏமாற்றவில்லை. மெதுவாக எண்ணுகிறீர்கள், அவ்வளவுதான். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் அந்தத் தோல் மிதந்து போகும் அழகைப் பார்க்கிறீர்கள். டோரதியின் பக்கவாட்டைத் தடவிக் கொடுக்கிறீர்கள். அதனால் அவள் உங்களுக்கு எப்போதும் வேகமாகத்தான் போகிறாள். பதினெட்டை ஒன்பதால் வகுத்தால் இரண்டு.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்தபோது சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் விட்டது என் தவறு என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் இரண்டு வருடமும் நான் படகுத்துறையில் காத்திருந்தது அந்த நான்கு மைல் கணக்கை நம்பித்தான்.

கடிகாரத்தை இதோடு அனுப்புகிறேன், கம்பளி உறைக்குள் சுற்றி. தினமும் சாவி கொடுக்க வேண்டும். ஒரே ஒரு முறை இதைப் பார்த்து எண்ணுங்கள். அப்புறம் நீங்கள் சொல்லும் தேதி எதுவானாலும் நம்புவேன். முடியாது என்று வந்தால், முடியாது என்றே எழுதிவிடுங்கள். நான் அடிலெய்டுக்குப் போகிறேன். அங்கேயும் நூலகம் இருக்கிறதாம். காத்திருப்பதைவிட அது எனக்குச் சுலபம்.

அன்பு மகள்,
மெரின்


காஃப்ஸ் துறைமுகம்
4 டிசம்பர் 1986

என் கண்ணு மெரினுக்கு,

மூலுலாபாவில் எதிர்க்காற்றுக்கு ஒன்பது நாள் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, நேற்று மாலைதான் வந்து சேர்ந்தேன். அஞ்சலகத்தில் உன் பொட்டலம் இருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். கடிகாரம் நின்றுபோயிருந்தது, சாவி கொடுத்தேன்.

எனக்கு ஒரு வாரம் பின்னால் கிளம்பிய ஹெங்க் இங்கே எனக்கு மூன்று நாள் முன்னால் வந்து மீன் வறுத்துத் தின்றுகொண்டிருந்தான். இன்று காலை அவனை டோரதியில் ஏற்றிக்கொண்டு விரிகுடாவுக்குள் போனேன். லேசான காற்று. அவனைத் தோல் போடச் சொன்னேன். நான் பின்னால் நின்று வாயால் எண்ணிக்கொண்டே உன் கடிகாரத்தைப் பார்த்தேன். என் வாய் ஐந்து சொன்னது. முள் பத்து சொன்னது. இன்னும் மூன்று முறை போட்டோம். அதில் ஒரு தடவை பதினொன்று.

ஹெங்க் எட்டிப் பார்த்தான். இருபது வருடத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கிடைத்த எந்த வாய்ப்பையும் அவன் விட்டதில்லை. இன்று சிரிக்கவில்லை. தோல் போட்டு மிச்சமிருந்த ஆரஞ்சைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினான்.

கரைக்கு வந்ததும் கேட்டேன். "உன் தட்டுல எனக்கு எடம் இருக்குமா?"

"எடம் இருக்கு" என்றான். "உன் வாயைத்தான் எங்க வைக்கறதுன்னு தெரியல. அத டோரதியிலயே நங்கூரம் போட்டு வச்சிட்டு வா."

"பதினாலு நாள் ஊர்சுத்தணுமாம். எம்பொண்ணு திட்டம் போட்டு வச்சிருக்கா."

"நீ போட்டதுன்னா யோசிப்பேன். அவ போட்டதுதான? போலாம்."

நாளை விடியலில் ஜூனோவில் கிளம்புகிறோம். டோரதி இங்கே ஒரு மீன்பிடிக்காரரின் பொறுப்பில் நிற்பாள். கதவைப் பூட்டிவிட்டு வரும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படகுக்கு ஏது முகம் என்று நீ கேட்பாய். உண்டு.

தேதி எதுவும் எழுதப் போவதில்லை. மீதி தூரம் எண்ணூறு மைல். ஜூனோவும் எஞ்சின் இல்லாத படகு. இன்று பிற்பகல் இளங்காற்றில் அவள் வேகம் ஐந்து, உன் கடிகாரத்தின்படி. கணக்கை நீயே போட்டுக்கொள். இந்த முறை உன் கணக்கில் வருகிறேன்.

உன் அப்பா


சிக்னெட்
8 பிப்ரவரி 1987

அன்புள்ள அப்பா,

பள்ளி திறந்துவிட்டது. நீங்கள் காஃப்ஸ் போய்ச் சேர்ந்ததும் டோரதி நலமாக இருப்பதும் அறிந்து மகிழ்ச்சி. ஹெங்க் மாமாவுக்கு என் வணக்கம். வறுத்த மீனுக்கு அவர் போடும் மிளகு அதிகம் என்று அம்மா சொல்லச் சொன்னார்.

டிசம்பர் இருபதாம் தேதியில் நீங்கள் பார்க்காத பாதி ஒன்று இருக்கிறது. அதை எழுதாவிட்டால் எனக்குப் பொறுக்காது.

அன்று பத்து மணிக்கே பெட்டியைக் காரில் வைத்துவிட்டோம். நீங்கள் வருவீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. மோசமான வானிலைக்கு ஐந்து நாள் சேர்த்தாலும் என் கணக்குப்படி பதினேழாம் தேதியே வந்திருக்க வேண்டும். பதினொன்றரைக்கு ஆற்று வளைவில் ஜூனோவின் பாய் தெரிந்தது. ஆனால் அது அசையவே இல்லை. கண்ணாடி மாதிரி நீர். ஒரு மைல் தூரத்தில் நீங்கள் அப்படியே நின்றீர்கள்.

"காத்து இல்லேன்னா தட்டும் ஒண்ணுதான், தொட்டியும் ஒண்ணுதான்" என்றார் அம்மா.

அப்புறம் உங்கள் சின்னப் படகு பிரிந்து வருவதைத் தொலைநோக்கியில் முதலில் பார்த்தவர் அம்மாதான். என்னிடம் கொடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "துடுப்பு போடறாரு" என்றார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் துடுப்பு தொட்டு நான் பாத்ததில்ல." பிறகு காருக்குப் பின்னால் போனார். பெட்டியை எடுத்துக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நீங்கள் அப்போது பாதி வழிகூட வரவில்லை.

நீங்கள் கயிற்றை எறிந்தபோது காரின் வானொலியில் பன்னிரண்டு மணிச் செய்தி முடிந்து, வானிலை அறிக்கையும் முடிந்துவிட்டது. ஆற்றுமுகத்தில் காற்று இல்லை என்று சொல்லி முடித்து, பாட்டுக்கூடப் போட்டுவிட்டார்கள். துடுப்பு போடும்போது நனையக் கூடாது என்று என் கடிகாரத்தை ஜூனோவிலேயே விட்டு வந்திருந்த நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, "குவென், மணி என்ன?" என்று கேட்டீர்கள். அம்மா தன் கடிகாரத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு" என்றார்.

உங்களுக்கு அது தெரியாது. பன்னிரண்டு அடித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது, அப்பா.

பதினான்கு நாளைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது நீளம். ஒன்று மட்டும் இப்போதே. கடைசி நாள் திரும்பி வரும்போது காற்று செத்துக் கிடந்ததே, நீங்கள் தோலைப் போட்டு எண்ணினீர்களே, அன்று நீங்கள் எண்ணியது இன்னும் மெதுவாக இருந்தது. கடிகாரம் உங்கள் கையில்தான் இருந்தது. நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அதனால் கடிகாரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எந்த நாள் கிளம்புவது என்று கணக்குப் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டோரதிக்கு அது அக்டோபர் இருபது, பட்டறையில் இப்போதே சொல்லிவிடுங்கள். இங்கே வந்து சேர்ந்த பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டு நீங்கள் எப்போதும் எண்ணுகிறபடியே எண்ணலாம்.

உங்கள் அன்பு மகள்,
மெரின்