எதிர்வீட்டு மாத்திரை

உப்பல்

அன்புள்ள ஹம்ஸினிக்கு, அப்பா ஆசீர்வாதத்தோடு படுத்தபடி சொல்ல, தம்பி சீனு எழுதுவது. இங்கே ஒரு இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்குப் பதில் போடு.

உலகத்தாருக்கும் குறிப்பாக டில்லிவாழ் அக்காவுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் அப்பா சீதாராமன் அவர்கள் பத்து நாள் முன்பு தன் கால் நகத்தைத் தானே குனிந்து வெட்டிக்கொண்டார். கைதட்டலாம். கொலுப்படியைப் பரணிலிருந்து இறக்கும்போது போன் அடிக்கிறது என்று எதிர்வீட்டு நாராயணஸ்வாமி மாமா தன் பக்கத்தைக் கைவிட்டாரே, அன்று பிடித்த இடுப்பு அது. அதே இழுப்பில் மாமாவுக்கும் பிடித்துக்கொண்டது, அது ஒன்றுதான் ஆறுதல் என்று அப்பா எழுதச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரு மருந்துச் சோதனையில் சேர்ந்திருக்கிறார்கள். புதிதாக வந்த வலி காலத்துக்கும் தங்கிவிடாமல் இப்போதே தடுக்கிற மாத்திரையாம். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் மாமாவுக்குத் தெரியுமாம். ஓய், நேக்குதான் அசல், உம்ம பாட்டில்ல மைதா மாவு, சந்தேகமே நக்கோ, வேண்டவே வேண்டாம் என்று மாடிப்படியில் நின்று சிரித்தார். படியைப் போட்டவனும் அவன், மருந்தும் அவனுக்கா, நான் ஆயுசுக்கும் கூன் போட அவன் ஷட்டில் ஆடுவானா என்று அப்பா பல்லைக் கடித்தார். பழிவாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாமா குளிக்கப் போன சமயம் பூனைபோல நுழைந்தேன், இரண்டு பாட்டில் மாத்திரைகளையும் இடம் மாற்றினேன், வெளியே வந்தேன். மூன்றாம் நாள்தான் அந்த நகவெட்டு வைபவம். அப்புறம் அப்பா வேண்டுமென்றே மாமா வாசலில் போய்க் குனிந்து குனிந்து ஷூ லேஸ் கட்டினார். மாமா கதவிடுக்கு வழியாகப் பார்த்துப் பொருமினார்.

ஆனால் கொலுவுக்கு வந்த மாமா உட்காரவும் முடியாமல் நின்றபடியே சுண்டல் தின்றதைப் பார்த்து அப்பாவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. போதும்டா, அவன் மாத்திரையை அவன்கிட்டயே மாத்திடு என்றார். அதையும் முடித்தேன். மறுநாளே அப்பா மறுபடி படுத்துவிட்டார். பழி மட்டும் படுக்கவில்லை, அடுத்த வருஷம் படி இறக்கும்போது போன் இவருக்குத்தான் வருமாம்.

நீ பெட்டியைக் குனிந்து தூக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. அனுப்பியிருக்கும் பருப்புப் பொடியைக் கட்டிதட்டாமல் வை. தீர்க்காயுசாக, நேரான முதுகோடு இரு.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் அப்பா
(கையெழுத்து உதவி: சீனு)

அக்கா, அப்பா கண்ணயர்ந்துவிட்டார். மாத்திரை மாற்ற நான் போனபோது மாமா குளிக்கவில்லை, தரையில் படுத்திருந்தார். அப்பா எப்படிடா இருக்கார், நான் கையை விட்டிருக்கக் கூடாதுடா என்று சொல்லி, ரவா லாடு எடுத்துக்கச் சொன்னார். லாடை மட்டும் எடுத்தேன். இரண்டாம் தடவையும் லாடுதான். அப்பா எழுந்ததும் விழுந்ததும் தன் மாத்திரையிலேயேதான். நீயே போனில் சொல்லிவிடேன், எனக்குப் பயமாக இருக்கிறது.